மோர் பிஸ்கட் எங்கே பிசகியது? பிட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

பிஸ்கட் சரியாக வரவில்லை என்றதும் பலரும் வேறொரு செய்முறையைத் தேடிப் போய்விடுகிறார்கள். போவதற்கு முன்னால் ஒன்றை எடுத்து நடுவில் பிட்டுப் பாருங்கள். என்ன நடந்தது என்பதை உள்பக்கம் சொல்லிவிடும். குறை கண்ணில் படுவது ஓவனில் என்றாலும், அது நேர்ந்தது பெரும்பாலும் பத்து நிமிடம் முன்பு, நம் கையில். வெண்ணெய் இளகியிருக்கும்; இல்லாவிட்டால் கை தேவைக்கு மேல் பிசைந்திருக்கும். முக்கால்வாசிக் கோளாறுகள் இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் முடிகின்றன.

நான் சொல்வது மொறுமொறுப்பான பிஸ்கட்டை அல்ல. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் காலை உணவுக்குச் சுடுகிற, உள்ளே பஞ்சு போலவும் வெளியே லேசான மொறுமொறுப்போடும் ஏடு ஏடாகப் பிரிகிற பிஸ்கட். ஈஸ்ட் கிடையாது. மாவு பொங்கக் காத்திருக்கும் வேலையும் இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு வேண்டும் என்பதால் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் 1 மேசைக்கரண்டி, சமையல் சோடா கால் டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன், ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த வெண்ணெய் 100 கிராம், குளிர்ந்த கெட்டி மோர் 180 மில்லி. உலர்ந்த பொருள்களைக் கலந்து, வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி விரல் நுனியால் பிசிறி, மோரை ஊற்றித் திரட்டி, இரண்டரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, வெட்டி, 220 முதல் 230 டிகிரி செல்சியஸில் 12 முதல் 15 நிமிடம் சுட வேண்டும். காற்றாடி ஓடும் ஓவனாக இருந்தால் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்.

எழும்பவே இல்லை, தட்டையாகக் கிடக்கிறது

அதிகம் பேர் படும் பாடு இது. காரணம் ஒன்றல்ல என்பதால்தான் குழப்பமே வருகிறது. பிட்டுப் பார்த்தால் மூன்று விதமாகப் பிரிக்கலாம்.

உள்ளே நெருக்கமாக, காற்றறை எதுவும் இல்லாமல், மாவுக் கட்டி போல இருந்தால் பேக்கிங் பவுடர் மீது சந்தேகப்படுங்கள். அரை டீஸ்பூன் எடுத்துச் சூடான தண்ணீரில் போடுங்கள். உடனே சளசளவென்று நுரைத்துப் பொங்க வேண்டும். ஏதோ நான்கு குமிழிகள் சோம்பலாக மேலே வந்தால் அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடலாம். மூடியில் அச்சிட்ட தேதியை நம்பிப் பயனில்லை. ஈரக் கரண்டி ஒரு முறை உள்ளே போயிருந்தால் தேதிக்கு முன்பே அது செத்துவிடும். சோடாவைச் சோதிக்கச் சூடான தண்ணீர் போதாது, புளிப்பு வேண்டும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ சில சொட்டு விட்டால் சீறி எழ வேண்டும்.

உள்ளே எண்ணெய்ப் பசையோடு கனமாக இருந்து, அடிப்பாகம் வறுபட்டதுபோல் இருந்தால் ஓவன் போதிய சூட்டில் இல்லை. வெண்ணெயில் ஏறக்குறைய 80 விழுக்காடு கொழுப்பு; மீதியில் பெரும்பகுதி தண்ணீர். நல்ல சூட்டில் அந்தத் தண்ணீர் சட்டென்று ஆவியாகி மாவை மேலே தள்ளும். அதே நேரத்தில் மாவும் இறுகிக்கொள்வதால் எழும்பிய உயரம் அப்படியே நிற்கும். சூடு குறைவாக இருந்தால் ஆவி திரள்வதற்கு முன்பே கொழுப்பு உருகி வழிந்துவிடுகிறது, பிறகு எழுப்புவதற்கு எதுவும் மிஞ்சாது. விளக்கு அணைந்தவுடன் சூடாகிவிட்டது என்று தட்டை உள்ளே தள்ளாதீர்கள். இன்னும் பத்து நிமிடம் பொறுங்கள். ஓவனுக்குள் வைக்கும் சிறு வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்வதை நான் வற்புறுத்தியே சொல்வேன். குமிழ் காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இல்லாத ஓவன்கள் ஏராளம்.

மூன்றாவது, நடுப்பகுதி எழும்பப் பார்த்திருக்கிறது, ஆனால் ஓரங்கள் பிடித்து இழுத்து வைத்திருக்கின்றன. பக்கவாட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பாருங்கள். நன்றாக வந்த பிஸ்கட்டின் பக்கம் சொரசொரப்பாக, புத்தகத்தின் தாள் விளிம்பு போல வரி வரியாக இருக்கும். இதில் அந்த வரிகளே தெரியாமல் ஒரே வழவழப்பாக, யாரோ விரலால் பூசி மெழுகியது போல இருக்கும். கட்டரை அழுத்திவிட்டுத் திருகி எடுத்ததால் வருவது அது. திருகும்போது அடுக்குகளின் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வாயைத் தைத்த பை போல ஆகிவிடுகின்றன. நான் வெகு நாள் ஒரு கண்ணாடி டம்ளரால் வெட்டிக்கொண்டிருந்தேன். அதன் உருண்ட விளிம்பு வெட்டுவதற்குப் பதிலாக நசுக்கியது. எத்தனை கவனமாகப் பிசிறினாலும் உயரம் வரவில்லை. கூர்மையான விளிம்புள்ள கட்டருக்கு மாறிய அன்றே அதே மாவு ஏறக்குறைய இரண்டு மடங்கு எழும்பியது. கட்டர் இல்லையென்றால் நல்ல கத்தியால் சதுரமாக வெட்டுங்கள். கட்டரை மாவில் தோய்த்து, நேராக இறக்கி, நேராகத் தூக்குங்கள்.

இந்த மூன்றுமே இல்லையென்றால் தட்டிய கனத்தை அளந்து பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்குத் தட்டினால் எதுவும் உயரமாக வராது. தட்டில் வைக்கும்போது பிஸ்கட்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கட்டும். தனித்தனியே வைத்தால் பக்கவாட்டில் பரவும். நெருக்கி வைத்தால் போக வழியில்லாமல் மேல்நோக்கிப் போகும்.

கெட்டியாக, சவ்வு போல இழுக்கிறது

பிடும்போது உடையாமல் இழுபட்டால் பிசைந்தது அதிகம் என்று பொருள். கோதுமை மாவும் தண்ணீரும் சேர்ந்து கையால் அழுந்தும்போது குளூட்டன் என்னும் புரத வலை உருவாகிறது. ரொட்டிக்கு வேண்டிய வலை அது. பிஸ்கட்டுக்கு அதுவே பகை. மோர் ஊற்றிய கணத்திலிருந்து உங்கள் கைக்குக் கணக்கு உண்டு. முள்கரண்டியால் பத்துப் பன்னிரண்டு முறை கிளறுங்கள். உலர்ந்த மாவு ஆங்காங்கே தெரியும், உருண்டை ஒழுங்கில்லாமல் கந்தலாக இருக்கும், "இது சேராது போலிருக்கிறதே" என்று மனம் பதறும். அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். மேடையில் கொட்டி மடித்துத் தட்டும்போது தானாகச் சேர்ந்துகொள்ளும். வழவழப்பான உருண்டை வரும்வரை பிசைந்து பழகிய கைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு மிகவும் கடினம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வேறு வழியில்லை.

பேக்கிங் பவுடர் வருவதற்கு முன்னால் அமெரிக்கத் தென்பகுதியில் இதற்கு நேர் எதிரான ஒரு பிஸ்கட் இருந்தது. மாவை மரக்கட்டையில் வைத்து உலக்கை மாதிரியான கட்டையாலோ கோடரியின் பின்பக்கத்தாலோ அரைமணி நேரத்துக்கும் மேலாக அடிப்பார்கள். மாவுக்குள் காற்றை ஏற்ற அவர்களுக்கு இருந்த வழி அதுதான். பெரிய வீடுகளில் அந்த அடியை அடித்தவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினத்தவர்கள். அடித்துச் செய்த அந்தப் பிஸ்கட் இறுகலாகத்தான் இருக்கும். இன்று நாம் விரும்பும் மென்மை, அடிப்பதை நிறுத்திய பிறகு வந்தது.

கை சரியாக இருந்தும் இழுத்தால் மாவைப் பாருங்கள். ரொட்டிக்கென்று விற்கும் மாவில் புரதம் 12, 13 விழுக்காடு இருக்கும். பொது உபயோக மாவில் 10 முதல் 12 வரை. தென் மாநிலத்தவர்கள் பிஸ்கட்டுக்குத் தேடுவது மென்கோதுமையில் அரைத்த, 8, 9 விழுக்காடு புரதமே உள்ள மாவு. 1883 இல் டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில் தொடங்கிய ஒயிட் லில்லி மாவுக்கு அங்கே இவ்வளவு பெயர் கிடைத்ததற்கு இதுவே காரணம். அப்படிப்பட்ட மாவு கைவசம் இல்லையென்றால், 250 கிராமில் 30 கிராமை எடுத்துவிட்டு அதற்குப் பதில் சோளமாவுப் பொடி, அதாவது கார்ன்ஃப்ளவர் சேருங்கள். வித்தியாசம் நாக்கில் தெரியும்.

ஓரங்களைச் சேர்த்து இரண்டாம் முறை தட்டி வெட்டியவை எப்போதும் சற்றுக் கெட்டியாகத்தான் வரும். அதைக் குறையாக எண்ண வேண்டாம். பிடிக்கவில்லையென்றால் மாவைச் செவ்வகமாகத் தட்டிச் சதுரங்களாக வெட்டுங்கள், ஓரமே மிஞ்சாது.

பொலபொலவென்று உதிர்கிறது, தொண்டையை அடைக்கிறது

மாவு கூடிவிட்டது. பெரும்பாலும் கப் அளவையால் வரும் வினை. மாவைக் கரண்டியால் அள்ளி மெதுவாக நிரப்பினால் ஒரு கப் சுமார் 120, 125 கிராம். கப்பையே பைக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராமுக்குப் போய்விடும். இரண்டு கப்புக்கு 50 கிராம் அதிகம்! மோர் அதே 180 மில்லிதான் என்றால் பிஸ்கட் வறண்டுபோகாமல் என்ன செய்யும்? சமையல் தராசு ஒன்று இருந்தால் இந்தத் தலைவலி அன்றோடு தீர்ந்தது. தட்டும்போது மேடையில் தூவும் மாவும் உள்ளே போகிறது என்பதை மறக்காதீர்கள். வெட்டிய பிறகு மேலே ஒட்டியிருப்பதை உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள்.

நீண்ட நேரம் சுட்டாலும் இதே வறட்சி வரும். ஆனால் அப்போது அடியும் கருஞ்சிவப்பாக இருக்கும் என்பதால் எது காரணம் என்று எளிதில் தெரிந்துவிடும்.

மாவு கையை விட்டு வர மறுக்கிறது, சுட்டால் பரந்துவிடுகிறது

இங்கே மோரைப் பற்றிப் பேசியாக வேண்டும். அமெரிக்கச் செய்முறைகளில் வரும் மோர், வெண்ணெய் கடைந்தெடுத்தபின் மிஞ்சும் நீர்த்த மோர் அல்ல. பாலில் நுண்ணுயிர்களைச் சேர்த்துப் புளிக்கவைத்தது. கரண்டியிலிருந்து கூழ் போலத் திரண்டு விழும், நன்றாகப் புளிக்கும். தண்ணீராக ஓடும் மோரை அதே 180 மில்லி ஊற்றினால் மாவு சேறாகிவிடும். புளிப்பும் போதாது என்பதால் சோடாவும் முழுதாக வேலை செய்யாது. தயிரைப் பாலால் தளர்த்தி, ஊற்றினால் பட்டையாக விழும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். எனக்குத் தெரிந்த மாற்றுகளில் சிறந்தது அதுதான். ஒரு கப் பாலில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து பத்து நிமிடம் வைப்பதும் உண்டு. புளிப்பு கிடைக்கும், கெட்டித்தன்மை கிடைக்காது. அப்படிச் செய்தால் இரண்டு மேசைக்கரண்டியைக் குறைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் மட்டும் சேருங்கள்.

மற்றபடி, லேசாக ஒட்டும் மாவு நல்ல மாவு. ஒட்டுகிறதே என்று கை கையாக மாவு சேர்ப்பவர்கள்தான் அடுத்த முறை 'உதிர்கிறது' என்று வந்து நிற்கிறார்கள். கையில் மாவைத் தேய்த்துக்கொண்டு வேலை செய்யுங்கள், உருண்டையில் கொட்டாதீர்கள். மாவு மழமழவென்று தளர்ந்து, எதுவும் செய்ய முடியாத நிலையில் இருந்தால் வெட்டுவதை மறந்துவிட்டுக் கரண்டியால் மொத்தை மொத்தையாகத் தட்டில் வையுங்கள். அடுக்கு வராது, ஆனால் மேலே கரடுமுரடாக, மொறுமொறுவென்று, மிக அருமையாக இருக்கும்.

தட்டில் வெண்ணெய் குளம் கட்டுகிறது

இந்தக் கோளாறைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். தட்டை உள்ளே வைத்த மூன்று நான்கு நிமிடத்தில் ஓவனுக்குள்ளிருந்து பொரிக்கும் சத்தம் வந்தால், வெண்ணெய் மாவை விட்டு இறங்கிவிட்டது என்று பொருள். கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒவ்வொரு பிஸ்கட்டின் அடியிலும் பொன்னிறக் குமிழிகள் வளையமாகக் கொதித்துக்கொண்டிருக்கும். அடி பொரிந்து சிவந்துவிடும், மேலே குட்டையாக நிற்கும்.

வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். உள்ளங்கையின் சூடும் அதற்கு வெகு தொலைவில் இல்லை. ஆகவே உள்ளங்கை படாமல் விரல் நுனியால் மட்டும் பிசிறுங்கள். ஒரு துண்டை இரு விரல்களுக்கிடையே வைத்து நசுக்கித் தள்ளினால் அது மாவு பூசிய மெல்லிய வில்லையாக விழும். சில வில்லைகள் நகத்தளவும், சில பட்டாணி அளவும் இருக்கட்டும். எல்லாவற்றையும் பொடியாக்கிவிட வேண்டும் என்பதில்லை. என் கை சூடு மிகுந்தது. அதனால் வெண்ணெயை அரைமணி நேரம் உறைபெட்டியில் வைத்து, துருவியில் பெரிய கண்ணில் துருவிச் சேர்த்துவிடுகிறேன். வெண்ணெயைத் தொடும் நேரமே மிகக் குறைந்துவிடுகிறது.

வேலையின் நடுவே மாவு தளர்ந்து பளபளப்பதைக் கண்டால், வெட்டி முடித்துத் தட்டோடு கால்மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். அதற்குள் பேக்கிங் பவுடர் வீணாகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. இன்று பரவலாகக் கிடைக்கும் பவுடர் இரண்டு முறை வேலை செய்வது: ஈரம் பட்டதும் கொஞ்சம் வாயு, சூடு பட்டதும் மீதி. குளிரில் முதல் வேலையும் மெதுவாகும். கால்மணி நேரத்தில் பெரிய இழப்பில்லை. அறைச் சூட்டில் மேடைமேல் அரைமணி நேரம் விட்டுவைத்தால்தான் நஷ்டம், சோடாவின் வாயு போய்விடும், வெண்ணெயும் இளகிவிடும்.

உயரம் இருக்கிறது, ஏடு இல்லை

வெண்ணெயை மணல் போலப் பொடித்துவிட்டீர்கள், அல்லது மடிக்கவில்லை. மேடையில் கொட்டிய மாவைச் செவ்வகமாகத் தட்டி, கடிதத்தை மடிப்பதுபோல் மூன்றாக மடியுங்கள். திருப்பி வைத்து மறுபடி தட்டி மடியுங்கள். மூன்று முறை போதும். முதல் மடிப்பில் எல்லாம் பிய்ந்து வரும், மூன்றாவதில் ஒழுங்காகிவிடும். ஐந்தைத் தாண்டினால் கெட்டியாகும். கட்டை கொண்டு தேய்ப்பதை விடக் கையால் தட்டுவதையே நான் விரும்புகிறேன், கட்டை வெண்ணெய் வில்லைகளை நசுக்கி மாவோடு கலந்துவிடுகிறது.

ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது

தட்டிய மாவு ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் இருந்திருக்கும், அல்லது கட்டர் திருகியிருக்கும். எல்லாப் பிஸ்கட்டும் ஒரே திசையில் சாய்ந்தால் ஓவனின் ஒரு பக்கம் சூடு அதிகம். பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வையுங்கள். சாய்ந்தால் சுவை குறையாது, கவலை வேண்டாம்.

சோப்பு போல, உலோகம் போல ஒரு கசப்பு

சோடாவுக்கு இணையான புளிப்பு இல்லாதபோது மிஞ்சும் காரத்தன்மை (மிளகாயின் காரம் அல்ல, புளிப்புக்கு எதிரான குணம்) இப்படி நாக்கில் தெரியும். பிட்டால் உள்ளே மஞ்சளோடி, சில இடங்களில் பழுப்புப் புள்ளியும் தெரியும். புள்ளிகள் இருந்தால் சோடா கட்டியாக இருந்திருக்கிறது; சலித்துச் சேருங்கள். ஒரு கப் புளித்த மோருக்கு அரை டீஸ்பூன் சோடா என்பது மேல்வரம்பு. நான் 180 மில்லிக்குக் கால் டீஸ்பூனோடு நிறுத்துவது, மோரின் புளிப்பு கொஞ்சம் மிஞ்சி வாயில் தெரிய வேண்டும் என்பதற்காக. புளிப்பு மொத்தத்தையும் சோடா தின்றுவிட்டால் பிறகு மோர் ஊற்றியதற்கு என்ன பொருள்?

மோரை விட்டுவிட்டு வெறும் பால் ஊற்றுகிறவர்கள் சோடாவையும் விட்டுவிட வேண்டும். தானே எழும்பும் மாவு என்று விற்கும் மாவில் பேக்கிங் பவுடரும் உப்பும் முன்பே கலந்திருக்கும். அதில் மறுபடியும் பவுடர் போட்டால் கசக்கத்தான் செய்யும். பையின் பின்புறத்தைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

மேலே வெளுப்பு, அடியில் கருகல், நடுவில் பச்சை மாவு

வெளுத்திருந்தால் தட்டை மேல் அடுக்குக்கு மாற்றி, சுடுவதற்கு முன் மேலே மட்டும் மோரோ உருக்கிய வெண்ணெயோ தடவுங்கள். பக்கத்தில் வழியவிடாதீர்கள், வழிந்தால் ஓரம் ஒட்டிக்கொண்டு உயரம் போகும். புளிப்பு மிகுந்த மாவு சீக்கிரம் சிவக்காது, ஆகவே சோடா போட மறந்தோமா என்றும் யோசியுங்கள்.

அடி மட்டும் கருகினால் கறுப்புத் தட்டுதான் பெரும்பாலும் காரணம். வெளிர் நிறத் தட்டு, மேலே பேக்கிங் தாள். அப்படியும் கருகினால் அடியில் இன்னொரு தட்டு.

நடுவில் வேகவில்லையென்றால் கனத்தைக் கொஞ்சம் குறைத்து, சூட்டை 10 டிகிரி இறக்கி, மூன்று நிமிடம் கூட்டுங்கள். சமையல் வெப்பமானி வைத்திருப்பவர்கள் நடுவில் 93 டிகிரியைத் தாண்டியதா என்று பார்த்தால் போதும். ஓவனிலிருந்து எடுத்த உடனே பிட்டால் எந்தப் பிஸ்கட்டும் உள்ளே ஈரமாகத்தான் தோன்றும். ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள்.

மறுநாள் கல்லாகிவிடுகிறது

இதைக் கோளாறு என்று சொல்ல மாட்டேன். பிஸ்கட் சுட்ட ஒரு மணி நேரத்துக்குள் தின்ன வேண்டிய பண்டம். மிஞ்சியதை 160 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் சூடாக்கினால் ஓரளவு உயிர் வரும், மைக்ரோவேவில் வைத்தால் ரப்பராகும்.

ஆனால் இதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. வெட்டிய பச்சை மாவுத் துண்டுகளைத் தட்டில் இடைவெளி விட்டு உறையவைத்து, கல்லானதும் பையில் போட்டு மூடி உறைபெட்டியிலேயே வைத்துவிடுங்கள். ஒரு மாதம் தாங்கும். வேண்டிய அன்று வேண்டிய எண்ணிக்கையை எடுத்து, உருகவிடாமல் அப்படியே நெருக்கி அடுக்கி 220 டிகிரி ஓவனில் வைத்தால், வழக்கத்தைவிட நான்கைந்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். வெண்ணெய் உறைந்தே உள்ளே போவதால் பல நேரம் இவை அன்றே சுட்டவற்றைவிட உயரமாக வருகின்றன. எடுத்ததும் பிட்டுப் பாருங்கள். ஓரத்தில் அந்தத் தாள் வரிகள் இருக்கும்.